மஞ்சள் பட்ட காதுமடல்

இந்த ஆண்டு கோழிக் கண்காட்சி நடுவர் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கும் உங்களில் மூன்று பேர் தமிழ் வாசிப்பவர்கள் என்று கோழிச் சங்கச் செயலாளர் சொன்னார். ஆகையால் இதைத் தமிழில் எழுதுகிறேன். முதலில் பிரெஞ்சில்தான் எழுதிப் பார்த்தேன். பிரெஞ்சில் என் குற்றம் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு மரியாதையாக நின்றது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கிழமை நாட்களில் மொன்ட்ரியாலின் லாசாலில் ஒரு பெட்டிக் கம்பனியில் சரக்கு அனுப்பும் பகுதியில் வேலை. சனி ஞாயிறுகளில் கோழி. போன ஐப்பசியோடு இரண்டிலிருந்தும் ஓய்வு பெற்றேன். நான் பார்த்த ஒவ்வொரு பறவைக்கும் குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. வரிக்கு முன்னால் கிழமை, திகதி, மணி. என் மனைவி, "உங்கடை சாவுக்கும் நீங்களே மணி குறிச்சு வைச்சிட்டுத்தான் போவீங்கள்" என்பாள். அந்தப் புத்தகங்கள் பத்தொன்பது இருக்கின்றன. அவற்றில் ஒரே ஒரு வரி பொய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கூட்டை எப்படித் திறப்பது, பறவையை எந்தக் கையால் ஏந்துவது என்பதெல்லாம் தரநூலில் இருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள்.

நான் பயிற்சி நடுவராக இருந்த கடைசிக் குளிர்காலம். மாசி மாதத்தில் ஒரு சிறிய கண்காட்சி. வாத்துப் பிரிவில் முதலிடத்தை ஒரு கூட்டுக்குக் கொடுத்தேன். உங்களுக்குத் தெரியும், கூட்டில் இலக்கம் மட்டும்தான் இருக்கும். உரிமையாளரின் பெயர் தீர்ப்பு முடிந்த பிறகே ஒட்டப்படும். பெயர் ஒட்டியபோது அது புரோசார்டில் இருக்கும் ஒரு தமிழரின் வாத்து. எனக்கு அவரைத் தெரியாது. வாத்து நல்ல வாத்து. ஆனால் கோப்பி வாங்க வரிசையில் நின்றபோது என் முன்னால் நின்ற இரண்டு பேர் சிரித்துக்கொண்டு கதைத்தார்கள். "இனி இலங்கையர் ஆளுக்காள் பரிசு குடுத்துக்கொள்ளுவினம்" என்பது அதன் சாரம். நான் பின்னால் நிற்பது அவர்களுக்குத் தெரியாது. கோப்பி வாங்காமல் திரும்பிவிட்டேன். அடுத்த நான்கு கிழமையும் அந்தச் சிரிப்பு பெட்டிக் கம்பனிவரைக்கும் என்னோடு வந்தது.

பங்குனியில் பெரிய கண்காட்சி. நகரத்துக்கு வெளியே ஒரு பனிச்சறுக்கு மண்டபம். அன்று எனக்கு இறுதித் தேர்வு. என்னைச் சோதிக்க வந்தவர் இந்த மாகாணத்தில் பிரெஞ்சு இனக் கோழிகளுக்கு மூத்த நடுவர். பெயர் வேண்டாம்; பெரியவர் என்றே எழுதுகிறேன். அவர் கதைப்பது கியூபெக் நாட்டுப்புறப் பிரெஞ்சு. இங்கே அவர் யாழ்ப்பாணத் தமிழில் கதைப்பார், பொறுத்துக்கொள்ளுங்கள். மனுசன் அப்படித்தான் என் காதில் விழுவார்.

எனக்குக் கொடுத்த பிரிவு லா ஃபிளெஷ். பிரான்சின் பழைய இனம். உடல் முழுக்கக் கறுப்பு, வெளிச்சத்தில் பச்சை மினுங்கும். முகம் சிவப்பு, காதுமடல் பால்வெள்ளை. தலையில் மற்றச் சேவல்களுக்கு இருப்பதுபோல் கொண்டை இல்லை. இரண்டு சிவந்த கொம்புகள் நேராக நிற்கும். முதன்முறை பார்ப்பவர்கள் சாத்தான் என்பார்கள். தரம் கண்டிப்பானது. கொம்பு இரண்டும் வழுவழுப்பாக இருக்க வேண்டும், கிளை விடக் கூடாது. கிளை விட்டால் நீக்கம். அதனால் சிலர் குஞ்சிலேயே அந்தக் கிளையை வெட்டி, ஆறவிட்டு, காயத்தின் மேல் நிறம் பூசிக் கொண்டுவருவார்கள். இதைத்தான் நாங்கள் கைவேலை என்கிறோம். கைவேலை பிடிபட்டால் பறவைக்கு மட்டுமல்ல, உரிமையாளருக்கும் ஓராண்டுத் தடை.

அந்த வசந்தத்தில் இன்னொரு விடயமும் இருந்தது. மாகாணத்தில் லா ஃபிளெஷ் சேவல்கள் மிகக் குறைந்துவிட்டதால், அன்றைய கண்காட்சியிலிருந்து இரண்டு சேவல்களைச் சங்கத்தின் இனப்பெருக்கப் பதிவேட்டில் சேர்ப்பதாக இருந்தார்கள். பதிவேட்டில் ஏறும் சேவலின் குஞ்சுகளைச் சங்கமே வளர்த்துப் பரப்பும். ஏறாத சேவல் வெறும் சேவல்.

வந்தது ஐந்து சேவல். நான்காவது கூட்டுக்கு முன்னால் நின்றதுமே எனக்கு நெஞ்சு துள்ளியது. அப்படி ஒரு நிலை, அப்படி ஒரு முதுகு. இறகு ஈரக் கரிபோல. எடுத்து ஏந்தினேன். வலது கொம்பின் நுனி இல்லை. அரை விரல் நகமளவு போயிருந்தது, விளிம்பு ஆறி வழுவழுப்பாக இருந்தது. வலது காதுமடலின் வெள்ளையில் ஒரு மஞ்சள் தீற்றல்.

குனிந்தேன். வேப்பெண்ணெய் மணத்தது.

இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சள். காயம் பட்டால் எங்கள் வீடுகளில் முதலில் கை போகும் இடம். அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேரிலும் அந்த மணத்தை அறிந்தவன் நான் ஒருவன். மறுகணமே இன்னொன்றும் தெரிந்துவிட்டது: இது ஒரு தமிழரின் சேவல்.

பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"உறைபனியிலை போன கொம்போ, வெட்டின கொம்போ?"

"பாக்கவேணும்" என்றேன்.

"என்ன இந்த மஞ்சள்? ஒரு மணமும் வருது. உள்ளி மாதிரி." விரலால் தடவி முகர்ந்தார். "மருந்தெண்டால் இது காயம். ஆரோ கவனமாப் பாத்திருக்கினம். சாயமெண்டால் ஒளிக்கப் பாத்திருக்கினம். மருந்தோ சாயமோ? உமக்குத் தெரியுமோ?"

அவர் என்னைச் சோதிக்கக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். ஒரு சொல் போதும். மருந்து.

அந்த நேரம் பார்த்து அடுத்த வரிசையில் யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவர்கள் பாட்டுக்கு ஏதோ பகிடி. எனக்கு அது மாசி மாதச் சிரிப்பு. மருந்து என்று சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார். எங்கள் ஆட்கள் பூசுவது என்று சொல்ல வேண்டிவரும். மத்தியானம் பெயர் ஒட்டுவார்கள். நீளமான ஒரு தமிழ்ப் பெயர். கோப்பி வரிசையில் இன்னொரு தடவை அந்தக் கதை.

"தெரியேல்லை" என்றேன்.

"வடிவாப் பாரும்."

"தெரியேல்லை, ஐயா."

பெரியவர் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டார். "சரி. இண்டைக்கு நீர்தான் நடுவர். எழுதும். நான் பேந்து கையெழுத்து வைக்கிறன்."

சந்தேகம் இருந்தால் அதன் பலன் பறவைக்கு. இது எங்கள் தொழிலில் முதல்நாள் சொல்லித் தருவது. எனக்குச் சந்தேகம்கூட இல்லை, நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் எழுதினேன். வலது கொம்பு: வெட்டிய அடையாளம். வலது காதுமடல்: மஞ்சள் நிறம், காரணம் தெரியவில்லை. முடிவு: நீக்கம். அதையே வழக்கம்போல என் குறிப்புப் புத்தகத்திலும் எழுதினேன். சனிக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. எழுதும்போது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பக்கச்சார்பு இல்லாதவன் என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மத்தியானம் ஆட்களை உள்ளே விட்டார்கள். நான்காவது கூட்டுக்கு முன்னால் ஒரு பெண் மண்ணிறக் குளிர்ச்சட்டையோடு வந்து நின்றாள். எனக்குத் தெரிந்த பெண். தவமலர். மொன்ட்ரியால்-நோரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, ஒரு கார்டெரியில் பிள்ளை பார்க்கிற வேலை. நகரத்துக்குள் சேவல் வைக்க விடமாட்டார்கள் என்பதால், புரோசார்டுக்கு அப்பால் ஒரு பண்ணையில் கொட்டிலில் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்து, இரண்டு பஸ் மாறிப் போய்க் கோழி வளர்க்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அது லா ஃபிளெஷ் என்று தெரியாது. கூட்டில் தொங்கிய அட்டையை அவள் வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். பிறகு கூட்டுக்குள் விரலை விட்டுச் சேவலின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள்.

நான் கோப்பி மேசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அட்டையில் பெரியவரின் கையெழுத்து மட்டும்தான் இருக்கும். பயிற்சி நடுவரின் தாள் அலுவலகத்துக்குப் போய்விடும். ஆகவே அவளுக்குத் தெரிய வழியில்லை. இந்தக் கணக்கையும் அங்கே நின்றபடிதான் போட்டேன்.

சித்திரையில் ஒரு ஞாயிறு பின்னேரம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். மொன்ட்ரியால்-நோரில் படிவம் நிரப்ப, அரசாங்கத்துக்குக் கடிதம் எழுத ஆள் வேண்டுமென்றால் என்னிடம் வருவார்கள். அந்த அட்டையைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

"அண்ணை, உங்களுக்கு இந்தக் கோழிச் சங்கத்து ஆக்களைத் தெரியும்தானே. ஒரு கடிதம் எழுதித் தாங்கோ."

"என்ன நடந்தது?" என்று கேட்டேன். கேட்டேன் என்று எழுத இப்போதும் கை கூசுகிறது.

"கொம்பை நான் வெட்டிப்போட்டுச் சாயம் பூசினனாம். நான் என்ன, அதுக்குக் கலியாணமே பேசினனான், சாயம் பூசி அனுப்ப?" சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "தை மாசம் கொட்டிலுக்கை கரண்ட் நிண்டிட்டுது, அண்ணை. மைனஸ் முப்பது. விடியப் போய்ப் பாக்கிறன், கொம்பு நுனி கறுத்துக் கிடக்கு. நாலு நாளிலை விழுந்திட்டுது. மஞ்சளை வேப்பெண்ணெயிலை குழைச்சு ஒவ்வொரு நாளும் பூசினனான். காதிலை பட்டிட்டுது. கழுவிப் பாத்தன், போகேல்லை. பொய்யெண்டால் நல்லாக் கழுவி ஒளிச்செல்லோ கொண்டுபோயிருப்பன்?"

"எந்தத் திகதி விழுந்தது?"

"உங்களுக்குத் திகதி எண்டால் போதும்." போனைத் திறந்து படங்களைக் காட்டினாள். கறுத்த நுனி, காய்ந்த நுனி, விழுந்த நுனி. ஒவ்வொன்றிலும் திகதி இருந்தது. "அந்த மனுசனிலை பிழையில்லை, அண்ணை. வெள்ளைக்காரனுக்கு மஞ்சள் என்ன தெரியும்? நீங்கள் அதிலை நிண்டிருந்தால் ஒரு சொல்லிலை முடிஞ்சிருக்கும்."

நான் பேனாவின் மூடியைக் கழற்றினேன்.

இரண்டு பக்கம் எழுதினேன். என் வாழ்நாளில் எழுதிய நல்ல பிரெஞ்சு அதுதான். உறைபனிக் காயம் எப்படிக் கறுக்கும், எப்படி விழும், வெட்டுக் காயம் எப்படி வேறுபடும், மஞ்சள் என்பது என்ன, எங்கள் வீடுகளில் அதை எதற்குப் பூசுகிறோம், வெள்ளைக் காதுமடலில் அதன் கறை எத்தனை நாள் நிற்கும். எல்லாம் எழுதினேன். அவள் கீழே கையெழுத்து வைத்தாள். அன்று காலை ஒன்பது நாற்பதுக்கு அந்தக் கூட்டுக்கு முன்னால் யார் நின்றது என்பதை மட்டும் எழுதவில்லை. போகும்போது அவள் ஒரு பெட்டி முட்டை கொடுத்தாள். வாங்கினேன்.

வைகாசி நடுப்பகுதியில் ஒரு செவ்வாய்க்கிழமை. லாசாலில் வேலை முடிந்து வெளியே வருகிறேன், கேற்றுக்கு முன்னால் பெரியவரின் பழைய பிக்அப் நிற்கிறது. ஏறச் சொன்னார். முன்கண்ணாடிக்குக் கீழே இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று என் பயிற்சித் தாள். மற்றது தவமலரின் கடிதம்.

"இந்தக் கடிதம் ஆர் எழுதினது?"

"அந்தப் பெண்."

"கையெழுத்து வைச்சது அவ. எழுதினது ஆர்?" கடிதத்தின் மேல் மூலையைத் தட்டினார். "ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நாலு பத்து. உலகத்திலை வேறை ஆர் கடிதத்துக்கு மேலை மணி போடுறது?"

நான் என் பயிற்சித் தாளைப் பார்த்தேன்.

"பங்குனியிலை உமக்கு இது என்னெண்டு தெரியாது. சித்திரையிலை ரெண்டு பக்கம் தெரிஞ்சிருக்கு." அவர் குரல் உயரவில்லை. "எனக்குப் பயந்தனீரோ?"

"உங்களுக்கில்லை."

"பின்னை?"

மாசி மாதத்துக் கோப்பி வரிசையைச் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு சிறிய விடயம் என்று தெரிந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"அவங்கள் சொன்னது கெட்ட கதை. என்னட்டைச் சொல்லியிருந்தால் நான் அவங்களோடை கதைச்சிருப்பன். ஆனால் சேவல் என்ன செய்தது உமக்கு?"

தீர்ப்பை மாற்றச் சங்கக் குழுவுக்கு எழுதப்போவதாகச் சொன்னார். தன்னிலும் பிழை என்றார். சந்தேகப்பட்டும் கையெழுத்து வைத்தேன் என்றார். என் தேர்வுத் தாளை எடுத்தார். கிழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். கிழித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மற்ற நாலு சேவலையும் நீர் பாத்த விதம் சரி. உம்மடை கண்ணிலை பிழையில்லை" என்று சொல்லிக் கையெழுத்து வைத்துத் தந்தார். "குழுவுக்கு உம்மடை பேரை நான் சொல்லமாட்டன். அந்தப் பெண்ணுக்கும் சொல்லமாட்டன். அது உம்மடை வேலை."

அந்தக் கையெழுத்தில்தான் நான் பிறகு இத்தனை ஆண்டும் நடுவராக இருந்தேன். பெரியவர் அதன் பிறகு என்னோடு ஒரே மேசையில் நின்றதில்லை. கண்டால் தலையாட்டுவார். அவ்வளவுதான்.

ஆனி முதல் கிழமை சங்கத்தின் கடிதம் வந்தது. தவமலருக்குத் தடை நீக்கம், சேவல் பதிவேட்டுக்குத் தகுதி. அவள் என் முகவரியைத்தான் கொடுத்திருந்தாள். வியாழக்கிழமை மாலை ஆறேகாலுக்கு அவளுடைய மூன்றாம் மாடி வீட்டுக் கதவைத் தட்டினேன். கடிதத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன். தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே இருந்தாள்.

"நல்லது, அண்ணை" என்றாள். "சேவல்தான் இல்லை."

பண்ணைக்காரர் தடையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். மோசடிக்காரரின் பறவை தன் கொட்டிலில் இருந்தால் தன் பெயரும் கெடும் என்று, சித்திரை முடிவுக்குள் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிவிட்டார். பேடுகளைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தாளாம். கொம்பு குறைந்த, தடை விழுந்த சேவலை யாரும் கேட்கவில்லை.

"வீட்டை கொண்டுவரேலாது. கூவினால் பொலிஸ் வரும். இறைச்சிக்காரனிட்டைத்தான் குடுத்தன். ஒரு புதன்கிழமை." கொஞ்சம் பொறுத்து, "திகதி கேக்காதையுங்கோ" என்றாள்.

சித்திரை முடிவதற்கு முன் நான் உண்மை சொல்லியிருந்தால் அந்தச் சேவல் உயிரோடு இருந்திருக்கும். பங்குனியில் ஒரு சொல். சித்திரையில் ஒரு வரி. இரண்டு தரமும் என் கையில்தான் இருந்தது.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். யார் நின்றது, யார் முகர்ந்தது, யார் தெரியேல்லை என்றது. முடித்தபிறகு கேட்டாள்:

"அப்ப கடிதம் எழுதேக்கை மஞ்சள் எப்ப பூசினது, எத்தினை நாள் பூசினது எண்டு என்னட்டைக் கேட்டுக் கேட்டு எழுதினது?"

"ஓம்."

"உங்களுக்கு அப்பவே தெரியும்."

"ஓம்."

கீழே தெருவில் பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் ஏதாவது பதில் சொல்லலாம்.

"தேத்தண்ணி ஆறுது. குடியுங்கோ" என்றாள்.

குடித்தேன். முழுக்கக் குடிக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவள் என்னிடம் கடிதம் எழுத வந்ததில்லை. கோழியும் வளர்க்கவில்லை.

அடுத்த கிழமையே குழுவுக்கும் எழுதினேன். சந்தேகத்தில் தவறுவது எல்லோருக்கும் நடப்பது, விட்டுவிடுங்கள் என்று பதில் வந்தது. நான் எழுதியது சந்தேகத்தைப் பற்றியல்ல. அதை மறுபடி விளக்க எனக்குத் துணிவு வரவில்லை.

உங்களில் தமிழ் வாசிக்கும் மூவருக்கும் ஒருநாள் இது வரும். கூட்டுக்குள் எங்கள் வீட்டு மணம் வரும். யார் பின்னால் நின்று என்ன சொல்வார்கள் என்று கழுத்து கூசும். உங்கள் ஆளுக்குச் சாதகமாக ஒரு புள்ளி கூட்டிப் போடுவது பிழை என்று யாரும் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. உங்கள் ஆள் என்பதற்காகத் தெரிந்ததைத் தெரியாது என்பதும் அதே பிழைதான். அதை நான் நேர்மை என்று நினைத்தேன்.

என் பத்தொன்பது புத்தகங்களையும் சங்க அலமாரியில் வைத்துவிட்டேன். அந்தப் பக்கம் பதினோராவது புத்தகத்தில் இருக்கிறது. காரணம் தெரியவில்லை என்ற வரியை நான் அடிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. பல தடவை பேனாவோடு அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறேன். இப்போது அதைச் சீராக்கினால் அதுவும் கைவேலைதான்.